புறங்கையால் சூடு பார்த்தவர்

பட்டர்வொர்த் ஃபெரிப் படகில் எனக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கும் நடுவே இருக்கையில் என் லேப்டாப் இருந்தது. அதன் விசிறி ஓயாமல் கத்தியது. அக்கரையில் ஒரு வாடிக்கையாளருக்கு என் வேலையைக் காட்ட வேண்டும்; பேட்டரியோ மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் பாயான் பாரு தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். எலக்ட்ரானிக் போர்டு சோதிக்கும் வேலையாம்.

"தொட்டுப் பாக்கவா அண்ணே?" என்று கேட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல் லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்தார். "உள்ள ஏதோ சும்மாவே ஓடுதுலா."

"இதுல ரெண்டு கிராஃபிக்ஸ் கார்டும்மா. லினக்ஸ்ல கமாண்ட் போட்டு நேத்தே பெரிய கார்ட நிறுத்திட்டேன். பாருங்க, சின்னதுதான் ஓடுதுன்னு ஸ்கிரீன்ல காட்டுது."

"காட்டும். சூடு வேற சொல்லுதே. நிறுத்தினப்புறம் ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

நான் எப்போதும் மூடியைச் சாத்துவதோடு சரி. அசடு வழிய ரீஸ்டார்ட் செய்தேன். சற்று நேரத்தில் விசிறி அடங்கியது. அவர் மறுபடியும் புறங்கையை வைத்து, "ஹா, இப்ப ஓகே," என்று சோதித்த போர்டைப் பாஸ் பண்ணிவிடுவதுபோல் தலையாட்டினார்.

படகுத்துறை வந்ததும் எழுந்து நாலடி போனவர் திரும்பினார்.

"அண்ணே, அந்த லினக்ஸுனா என்னா?"

பத்து வருடமாக லினக்ஸோடு கிடக்கும் நான் வாயைத் திறப்பதற்குள், கூட்டம் அவரைப் பேருந்துப் பக்கம் கொண்டுபோய்விட்டது.