ஓசூரில் பன்னிரண்டு பதினேழுக்குத் தொலைந்த நிழல்

பொற்கொடிக்கு முப்பத்தாறு வயது. ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், செய்து முடித்ததன் அளவு சரிதானா என்று பார்க்கிற வேலை. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ரிஜெக்ட். விருதுநகரிலிருந்து வந்து பதினான்கு வருடமாகிறது. அவர் வீட்டுக்குப் போனால் முதலில் முறுக்கின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து காட்டுவார். காபி அப்புறம்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாம் அவர் சமையலறையில்தான் கிடப்பார்கள். எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் செருகிக் குட்டி பல்பை எரிய வைப்பார்கள். உருளைக்கிழங்கின் தோலை லென்சில் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் சாப்பிட இடம் தேடுவார். அதனால் பொற்கொடிக்கு ஓர் ஆசை: குடியிருப்பின் வாசலில் இருக்கும் தகர ஷெட் பிள்ளைகளுக்கு வேண்டும். சங்கச் செயலாளர் சிவராஜுக்கும் அந்த ஷெட் வேண்டும், பைக் நிறுத்த.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் உச்சிவேளையில் நிமிர்ந்து நிற்கிற எதற்கும் நிழல் இருக்காது என்று பொற்கொடி சங்கக் கூட்டத்தில் சொன்னார். சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது வருடத்தில் இரண்டே நாள். டெல்லிக்கு அந்தப் பாக்கியமே கிடையாது. சிவராஜ் சிரித்தார். நிழல் காணாமல் போனால் ஷெட் உங்களுக்கு, போகாவிட்டால் எங்கள் பைக்குக்கு என்றார். கூட்டம் கைதட்டி முடித்தது.

அந்த நாளும் வந்தது. ஒரு மீட்டர் உயரக் குழாயைக் கட்டாந்தரையில் நட்டு, ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் பார்த்தார் பொற்கொடி. குழாய் இம்மியும் சாயவில்லை. நிழல் மறையும் நேரத்தைச் சென்னையில் இருக்கும் தங்கையிடம் கேட்டு, பலகையில் 12.07 என்று பெரிதாக எழுதினார். முப்பது பிள்ளைகள், மாடியில் அம்மாக்கள், தளியிலிருந்து பூ விற்க வரும் கெம்பம்மா கூடையோடு என்று எல்லோரும் கூடிவிட்டார்கள்.

மணி 12.07. நிழல் இரண்டு விரல் அகலத்துக்கு ஜம்மென்று கிடந்தது.

"என்னாம்மா, ஒங்க நிழலு இன்னும் கெளம்பலயா?" என்றார் சிவராஜ். ஷெட் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். சின்னதுகள் சில அழவே ஆரம்பித்துவிட்டன.

பொற்கொடி தரையில் மண்டியிட்டு காலிப்பரை வைத்தார். நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். ஒரு நிமிடம் கழித்து முப்பத்தெட்டு. அடுத்த நிமிடம் முப்பத்துநாலு. அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். குழாயை நாலு பக்கமும் அளந்தவர் ஊரை அளக்கவில்லை. 12.07 சென்னையின் உச்சிவேளை. கடிகாரம் நாடு முழுக்க ஒன்றுதான். சூரியனுக்கு அப்படி இல்லை. கிழக்கே இருக்கிற ஊருக்கு முதலில் உச்சி, அப்புறம்தான் மேற்கே.

"சார், பத்து நிமிசம் குடுங்க. சூரியன் இப்பத்தான் சென்னையத் தாண்டி வந்துக்கிட்டிருக்கு."

"ராயக்கோட்டை ரோட்டுல டிராபிக்கா?"

ஆனாலும் சிவராஜ் நின்றார். பிள்ளைகள் குழாயைச் சுற்றிக் குந்தி, நிழலை மிரட்டியே உள்ளே துரத்தினார்கள். இருபது மில்லிமீட்டர். பன்னிரண்டு. ஐந்து. 12.17-க்கு குழாய் தரையில் தனியாக நின்றது, யாரோ நிழலைக் கத்தரித்து எடுத்துப் போனதுபோல.

பிறகு ஒரே கூத்து. பிள்ளைகளில் ஒருத்தி, தர்ஷினி, தன் காலடியைத் தேடிக்கொண்டே சுற்றிச் சுற்றி விழுந்தாள். ஒருவன் தண்ணீர் பாட்டிலை நட்டு வைத்து அதற்கும் இல்லை என்று சாட்சி சொன்னான். தமிழில் நிழல் இல்லை, கன்னடத்தில் நெரளு இல்லா, தெலுங்கில் நீட லேது என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தினார்கள். கெம்பம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன்னைச் சுற்றித் தானே ஒரு வட்டம் வந்தார்.

சிவராஜ் குனிந்தார், நிமிர்ந்தார், ஒற்றைக் காலில் நின்றும் பார்த்தார். தொப்பைக்குக் கீழே அவருடைய நிழல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைக் காட்டி ஆட்சேபம் சொல்லப் பார்த்தார். மாடியில் அம்மாக்கள் சிரித்த சிரிப்பில் விட்டுவிட்டார்.

சாவியைப் பொற்கொடியிடம் கொடுத்தார். ஷெட்டில் ஏற்கெனவே ஒரு பைக் நின்றது, அவருடையதுதான். அதைப் பின்னாலிருந்து தள்ள முப்பது பிள்ளைகள் ஓடினார்கள்.