உப்புக் காலுக்கு எட்டாத சத்தம்

மரக்காணத்தில் சப்வூஃபர், அதாவது அதிர அடிக்கும் பாட்டுப் பெட்டி, விற்ற கடைக்காரர் ஒல்லியானவர். பேசும்போதும் உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தபடியே இருப்பார். காது கேட்காமல் போய்விட்ட என் வீட்டுக்காரருக்குப் பெட்டி வேண்டுமென்றேன்.

"செவிட்டுக் காதுக்குப் பாட்டா ஆயா?" என்று பக்கத்தில் நின்றவன் சிரித்தான். கடைக்காரர் சிரிக்கவில்லை; ஒரு பெட்டியில் பாட்டைப் போட்டார்.

"செருப்பக் கழட்டிட்டு நில்லுங்கம்மா. தரை அதிர்றது தெரியும்."

"தெரியலியே. உப்பளத்துல மரத்துப்போன காலுய்யா. அவருக்கும் இதே காலுதான்."

சற்று நேரம் என் பாதங்களையே பார்த்தார். பிறகு இன்னும் ஆழமாக அடிக்கும் பெரிய பெட்டியை மர பெஞ்சின் சாய்மானத்தோடு ஒட்டி வைத்து, என்னைச் சாய்ந்து உட்காரச் சொன்னார். அதிர்வு முதுகு வழியாக நெஞ்சில் இறங்கியது.

"இதையே குடுங்க."

வீட்டிலும் அப்படியே வைத்தோம். என் வீட்டுக்காரர் சாய்ந்தார். நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாடி, கோயில் மேளமா?" என்றார்.

யாருக்கும் நன்றி சொல்லிப் பழகாதவள் நான். அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் நடை தானாக நின்றுவிடுகிறது.