முந்தாநேத்து என்றால் எத்தனை நாள்?

அந்தியூரில் பிறந்து, அவிநாசிப் பக்கத்து மில்லில் பன்னிரண்டு வருடம் நூல் தரம் பார்த்தவள் மோகனப்பிரியா. அஞ்சல் வழியில் புள்ளியியல் படித்துவிட்டு இப்போது கோவையில் நோய்த் தகவல் பிரிவில் இருக்கிறாள். ஒத்துவராத எண்ணைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்தத் தடவை சோறு இறங்காமல் செய்தது, காரமடைப் பக்கத்து மில் விடுதியில் பரவிய ஒரு புதுக் காய்ச்சல். தொற்றிய எத்தனையாவது நாளில் காய்ச்சல் அடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவளுடைய கம்ப்யூட்டர் புரோகிராம் ஆயிரக்கணக்கான பொய் நோயாளிகளை உண்டாக்கும். சராசரி நாளைக் கூட்டிக் குறைத்து, பொய்க்கூட்டம் நிஜக்கூட்டத்தைப் போல ஆகும்வரை விடாது. மூன்று நாளாக ஓட்டியும் ஒட்டவில்லை. நிஜ நோயாளிகளின் வரைபடத்தில் இரண்டாம் நாளில் ஒரு மலை, ஆறாம் நாளில் ஒரு மேடு.

"ரெண்டு நாள்னே போட்டுரலாம் அம்மணி. தனியா வெச்சிருக்கறவங்கள அஞ்சாம் நாள் உட்டுரலாம்," என்றார் மேலதிகாரி ஈஸ்வரமூர்த்தி. அஞ்சாம் நாள் என்பது நாளைக்கு.

அப்படி வைக்கப்பட்டவர்களில் ஒருவன் விடுதித் தொழிலாளி ரைஹான். அவிநாசியில் மனைவிக்குத் தலைப்பிரசவம். போய்ப் பார்ப்பதற்குள் அவனை அடைத்துவிட்டார்கள். எப்போது விடுவீர்கள் என்று தினமும் போனில் கேட்பான். அன்றும் கேட்டான்.

"கொழந்தை எப்பப் பொறந்துச்சுங்க?" அவள் பேச்சுக்குக் கேட்டாள்.

"முந்தாநேத்துங்க."

"நேத்துக் கேட்டப்பவும் அதையேதானுங்க சொன்னீங்க?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க. போன வெள்ளிக்கெழமைங்க."

மோகனப்பிரியா போனை வைத்தாள். காய்ச்சல் வந்த அன்றே நிரப்பிய விசாரணைப் படிவங்களை அள்ளிப் போட்டுப் புரட்டினாள். 'காய்ச்சல்காரரை எப்போது பார்த்தீர்கள்?' என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில், முந்தாநேத்து. எழுதிய புண்ணியவான் அதை அப்படியே 'இரண்டு நாள்' என்று போட்டிருக்கிறார். தேதி சொன்னவர்கள்தான் அந்த ஆறாம் நாள் மேடு. அவள் மட்டும் என்ன, போன மாதம் எடுத்த சேலையை முந்தாநேத்து எடுத்ததாகச் சொல்கிறவள்தானே?

புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினாள்: முந்தாநேத்து என்றால் இரண்டிலிருந்து பத்துக்குள் எந்த நாளாகவும் இருக்கலாம். ஓட்டினாள். பொய்க்கோடு நிஜக்கோட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சராசரி ஆறு நாள், சிலருக்குப் பத்து. சந்தோஷம் தாங்காமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

"சார், பதினோரு நாள் வெக்கோணுங்க."

ஈஸ்வரமூர்த்தி படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ரைஹானிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. "ஏனுங்க, உங்களுக்கெல்லாம் கொழந்தை குட்டி இல்லீங்களா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

அடுத்த திங்கட்கிழமை அவனே கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது. "காய்ச்சல் வந்துபோட்டுதுங்க."

"எப்பங்க?"

"முந்தா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "எட்டாம் நாளுங்க. நேத்துக் காத்தால ஆறு மணி. அஞ்சாம் நாள் உட்டிருந்தீங்கன்னா, அந்நேரம் கொழந்தை எம் மடியில இருந்திருக்குமுங்க."