நான்காம் மேசையின் விடுப்பு விண்ணப்பம்

இது நடந்தது. சந்தேகம் இருந்தால் பிலோமின்ராஜையே கேட்கலாம். போனை எடுப்பான், நலம் விசாரிப்பான். பிரிண்டர் என்று பேச்சு வந்தால் மட்டும் வைத்துவிடுவான்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. அதன் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. திங்கள் காலை ஆன்லைன் தேர்வு. நெட் திணறினால் அன்றோடு வேலை போச்சு என்று சூப்பரிண்டெண்ட் ஜோதி மேடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதனால் ஞாயிறு மதியம் தனியாக வந்தான். மூன்று மாடியிலும் ஆள் இல்லை. டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டான். சாப்பிட்டியா என்று கேட்க ஒரு நாய்கூட இல்லை.

மணி 2:10. நெட்டை அடைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அகப்பட்டது. அலுவலக அறையில், யாரும் உட்காராத நான்காம் மேசை. திரை ஒளிர்ந்தது. பின்னணியில் ஒரு பிரிண்டர் மென்பொருள், நொடிக்கு நூறு தடவை, நெட்வொர்க் முழுக்கத் தன் பிரிண்டரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பிரிண்டர் பழைய இரும்புக்குப் போய் வெகுநாளாகிறது.

தன்னைப் போலவே துணையில்லாத ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டான்.

2:25. மென்பொருளை நீக்கினான். நெரிசல் இறங்கியது.

2:28. மறுபடி ஏறியது. நீக்கிய மென்பொருள் அதே இடத்தில் இருந்தது...

அச்சுக்கு ஒரே ஒரு தாள் காத்திருந்தது. விடுப்பு விண்ணப்பம். அனுப்பியவர் பொன்னுத்தாய்.

2:41. அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான்.

நெரிசல் குறையவில்லை.

"சரிக்கா... எடுத்துக்கங்க" என்றான், திரையில் இருந்த பெயரைப் பார்த்து.

பக்கத்து மேசைப் பிரிண்டரை இழுத்துவந்து செருகினான்.

கிர்ர்... கிர்ர்... டக்.

'நெஞ்சு வலிக்கிறது. அரை நாள் விடுப்பு வேண்டும்.'

2:47. நெரிசல் நின்றது. திரை அணைந்தது.

திங்கட்கிழமை தேர்வு குறையில்லாமல் நடந்தது. பிலோமின்ராஜ் அந்தத் தாளை ஜோதி மேடத்திடம் நீட்டினான்.

"யாரு மேடம் இவங்க?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இங்க கிளார்க்கா இருந்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி லீவு கேட்டாங்க. டைப் அடிச்சுக் குடுத்தாதான் செல்லும்னேன். பிரிண்டர் ஓடலை. அப்ப உக்காந்து வேலையைப் பாருங்கன்னுட்டேன். சாயங்காலம் மேசையில தலையை வச்சிருந்தாங்க... எழுந்திரிக்கலை. விசாரணையில, அவங்க லீவே கேக்கலைன்னு சொன்னேன் தம்பி."

"டைப் அடிச்சது கம்ப்யூட்டர்லயே இருந்திருக்குமே மேடம்."

அவர் பீரோவைத் திறந்தார். அடியில், துணியில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்.

"நாலாவது மேசையோடது. யாரும் பாத்துடக் கூடாதுன்னு அன்னிக்கே கழட்டிட்டேன். இது இல்லாம அதுல எதுவும் ஓடாதே. ரெண்டு வருஷமா அது வெறும் பெட்டிதான்."