மழைக்கு முந்தைய கடைசிச் சவாரி

நானும் என் கணவரும் ஒன்பது வருடம் ஏரியில் படகு விட்டுப் பிழைத்தோம். ஓட்டுவது அவர். ஆட்களை ஏற்றி இறக்குவது, கயிறு பிடிப்பது, லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இழுத்துக் கட்டிவிடுவது, மதியத்துக்குச் சோறு கட்டித் தருவது எல்லாம் என் வேலை. வீடு ஈப்போவில், குனோங் ராபாட்டில். ஏரிக்குப் போக, அங்கிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். கிரிக் பட்டணத்தைத் தாண்டினால் பாதை மலைமேல் ஏறும். வியாழக்கிழமை போவோம், ஞாயிறு சாயங்காலம் திரும்புவோம். படகுகள் கட்டும் துறையான ஜெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து வைத்திருந்தோம்.

அதற்கு முன்னால் அவர் லகாட்டில் செங்கல் லோரி ஓட்டினார். நான் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தேன். லோரிக்காரர்களோடு மீன் பிடிக்கப் போய்த்தான் அவருக்கு அந்த ஏரி பழக்கமானது. ஜெட்டியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மலாய்க்காரர் ஒருவர்தான் படகோட்டிகளுக்கெல்லாம் தலைவர் மாதிரி. நாங்கள் அவரை ‘பாங்’ என்றே கூப்பிடுவோம், மலாயில் அண்ணன் என்று அர்த்தம். தம்முடைய பழைய படகை எங்களுக்கு விற்று, லைசென்ஸ் எடுக்க என் கணவரை அழைத்துப் போனவரும் அவர்தான்.

அந்த ஏரி, அணை கட்டிக் காட்டை மூழ்கடித்ததால் உண்டானது. செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்குள்ளே நின்றுகொண்டிருக்கின்றன. சிலது ஆள் உயரத்துக்கு வெளியே தெரியும், சிலது ஒரு சாண் ஆழத்தில் மறைந்து நிற்கும். எந்த மரம் எங்கே நிற்கிறது என்பது என் கணவருக்கு மனப்பாடம். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பேசிக்கொண்டே வளைத்து வளைத்து ஓட்டுவார்.

நவம்பர் பிறந்தால் மழை இறங்கிவிடும். மலையிலிருந்து ஓடைகள் பெருகி, தண்ணீர் செம்மண் நிறமாகும். கரையில் ஒதுங்கிக் கிடந்த கட்டைகள் எழும்பி ஏரி முழுக்க மிதக்கும். அப்போது படகுகளை மேலே இழுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம். பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி இறக்குவது.

அந்த வருடம் ஆகஸ்டு மாதம் ஒரு நாள், அவர் ஜெட்டித் தூணில் கயிற்றைப் போடப் போனார். கயிறு தூணுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி போட்டார். மறுபடியும் தள்ளியே விழுந்தது. மூன்றாவது தடவை நான் வாங்கி மாட்டினேன். அவர் எஞ்சினை அணைக்கத் திரும்பிக்கொண்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். கைத்தொலைபேசியில் செய்தி வந்தால், “நீயே படி, எனக்குக் கை ஈரமா இருக்கு” என்பார். கால் வலிக்கிறது என்று சொல்லி, ஈப்போவுக்குப் போக வர என்னைக் கார் ஓட்டச் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. கால்வலி என்றே நானும் நம்பியிருந்தேன். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பத்து காஜா பட்டணத்து மருத்துவமனைக்குச் சோதனைக்குப் போக வேண்டிய தேதிகளை ஏரியைக் காரணம் காட்டித் தள்ளிக்கொண்டே வந்தார்.

படகு ஓட்டும்போது மட்டும் ஒரு குறையும் தெரியாது. நிற்கிற மரங்கள் நிற்கிற இடத்திலேயே நின்றன. அவருக்கு அவற்றைப் பார்க்கத் தேவையில்லை. எதிரே வேறு படகு வந்தால் மட்டும், “முன்னுக்கு யாரு வர்றா பாரு” என்பார், வம்பு கேட்கிற மாதிரி. நான் சொல்லுவேன். கொஞ்ச நாளில் அவர் கேட்காமலே சொல்லத் தொடங்கினேன். “வலது பக்கம் ஹவுஸ்போட் வருது. நம்ம பாங் படகு போல.” வண்டியில் பேச்சுக்கொடுத்து வருகிற மனைவியைப் போலத்தான் அது மற்றவர்களுக்குத் தோன்றியிருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு மாதம், அப்புறம் மழை, படகை ஏற்றிவிடுவோம், வீட்டுக்குப் போனதும் டாக்டரிடம் காட்டலாம். என் மனத்துக்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்.

தீபாவளி முடிந்த மறு வாரம் கடைசிச் சவாரி. பத்து காஜாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண்பிள்ளை. மேல்கரையில் இருக்கும் அருவியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். முந்திய இரண்டு நாளும் நல்ல மழை. காலையில் பாங் வந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு, இதுதான் கடைசி, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அந்தப் பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டேன். அது முட்டி வரை தொங்கியது. “அக்கா, இது பெருசா இருக்கு லா” என்று தாய் சிரித்தாள். சின்ன அளவு ஒன்று உள்ளே இருந்தது. தேடி எடுத்து மாட்டி, பட்டைகளை இறுக்கினேன். அந்த நேரத்திலாவது நான் சொல்லியிருக்கலாம். படகு கரையில்தான் இருந்தது.

போகும்போது ஒன்றும் இல்லை. அருவியில் பிள்ளை காலை நனைத்து விளையாடினாள். நான் கட்டிப்போன தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கை, சாப்பிட்டார்கள். திரும்பி வர ஏறும்போது மலைமேல் இருட்டிக்கொண்டு வந்தது. பாதி வழியில் மழை பிடித்தது. படகுக்குக் கூரை உண்டு. ஆனால் மழை பக்கவாட்டில் அடித்தது. தாய் தன் துண்டைப் பிள்ளைமேல் போர்த்தினாள். நான் முன்னால் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டைகள் வரத் தொடங்கியிருந்தன.

“இடது பக்கம் ஒண்ணு” என்றேன். அவர் திருப்பினார். “நேரா ஒண்ணு கெடக்கு.” விலகினார். மழைச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளையின் அப்பா என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்ததை நான் கண்டேன். அந்தச் சமயம் பிள்ளை, குளிருது என்று அழுதாள். நான் திரும்பி, பெஞ்சுக்கு அடியில் இருந்த கம்பளியை எடுத்துக் கொடுத்தேன். நாலு விநாடி, ஐந்து விநாடி இருக்கும்.

படகு எதன்மேலோ ஏறி இறங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்று, எஞ்சின் நின்றுவிட்டது. நான் தரையில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் பிள்ளை பெஞ்சின் விளிம்பில் வாயை இடித்துக்கொண்டு கிடந்தாள். தாய் அவள் ஜாக்கெட்டின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிடித்திருக்காவிட்டால் தண்ணீருக்குள் போயிருப்பாள். வாயெல்லாம் இரத்தம். படகுக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டை புரண்டுகொண்டு விலகிப் போனது. அந்த மங்கல் வெளிச்சத்திலும், கண் உள்ள யாருக்கும் தெரியக்கூடிய அளவுக்கு அது பெரிது.

என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, “என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை அவருக்கு இடது பக்கம் ஐந்தடி தூரத்தில் இருந்தாள்.

இடது கண் முழுதாகவே போய்விட்டது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“என்னங்க, எந்திரிங்க. நான் ஓட்டுறேன்” என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்தார். எஞ்சின் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. எனக்கு லைசென்ஸ் இல்லை. காலியான படகைக் கரையோரம் நகர்த்திப் பழக்கம், அவ்வளவுதான். ஒரு கட்டையும் இடிக்காமல் மிக மெதுவாக ஓட்டிவந்தேன். ஜெட்டி தெரிய முக்கால் மணி நேரம் ஆனது. பிள்ளையின் முன்பல் ஒன்று விழுந்திருந்தது, உதடு கிழிந்திருந்தது. அவள் அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். கரைக்கு வந்ததும் என் கணவரின் தோளைத் தொட்டு, “பரவால்ல அண்ணே. மழை நேரம், கட்டை வரத்தான் செய்யும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க லா” என்றார்.

என் கணவர் தலையை ஆட்டினார். அத்தோடு முடிந்திருக்கும். அவர்கள் காரில் ஏறிப் போயிருப்பார்கள். பிப்ரவரியில் நாங்கள் படகை மறுபடி இறக்கியிருப்போம். ஆனால் அந்த மனிதர் மன்னித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

“கட்டை மேல தப்பு இல்ல, தம்பி” என்றேன். “இவருக்குக் கண்ணு தெரியல. எனக்குத் தெரியும். ரெண்டு மூணு மாசமாவே தெரியும்.”

கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் தம் கையை என் கணவரின் தோளிலிருந்து எடுத்தார். திட்டவும் இல்லை. அவர் மனைவிதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“தெரிஞ்சேவா எங்கள ஏத்துனீங்க?”

“ஆமா” என்றேன். அவள் திரும்பிக் காரை நோக்கி நடந்தாள்.

பாங் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் போய் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். என் கணவர் தாமே வந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். வைத்த இடம் உள்ளங்கைக்கு ஒரு விரல் தள்ளி. சாவி கீழே விழுந்தது. பாங் குனிந்து எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மற்றப் படகோட்டிகள் தத்தம் படகுகளை இழுத்துக் கரையேற்றினார்கள். வருடா வருடம் அந்த நாளில் சிரிப்பும் கிண்டலுமாக இருக்கும். எங்கள் படகை இழுக்கவும் ஆறு பேர் வந்தார்கள். ஆனால் யாரும் சத்தமாகப் பேசவில்லை. படகின் அடியில் கட்டை கீறிய தடம் என் கை நீளத்துக்கு இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். எஞ்சினைக் கழற்ற யாரையும் விடவில்லை. விரலாலேயே ஒவ்வொரு திருகாணியாகத் தேடிக் கழற்றினார். நான் கழன்றதை வாங்கி வாங்கி டப்பாவில் போட்டேன்.

எல்லாரும் போன பிறகு, குனிந்தபடியே கேட்டார்: “ஒனக்கு எப்பலேந்து தெரியும்?”

“ஆகஸ்டுலேந்து. நீங்க தூண்ல கயிறு போட்டீங்களே, அன்னிக்கு.”

இன்னொரு திருகாணியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “எனக்கு ஏப்ரல்லயே தெரியும்.”

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நான் அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை. எனக்குக் கோபம் இருந்தது. அவர்மேல் எவ்வளவோ அவ்வளவு என்மேலும்.

ஈப்போவில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண்ணுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள், ஊசியும் போட்டார்கள். மங்கலாகவேனும் அதில் பார்வை நின்றிருக்கிறது. படகை பாங் திருப்பி வாங்கிக்கொண்டு, ஒரு மலாய் இளைஞனிடம் ஓட்டக் கொடுத்தார். நான் ஈப்போவில் ஓர் அலுவலகக் கேண்டீனில் சேர்ந்தேன். அவர் வீட்டில் சமைக்கிறார். காலையில் குனோங் ராபாட் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்வருகிறார். பல மாதம் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. பிறகு ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “நீ சொன்னது சரிதான்” என்றார். அன்றைக்கு ஜெட்டியில் நான் சொன்னதைத்தான் சொன்னார்.

அந்தக் குடும்பத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை அந்தப் பெண் எடுத்தாள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். விழுந்தது பால்பல், புதுப் பல் முளைத்துவிட்டது, உதட்டில் மட்டும் சின்னத் தழும்பு என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

“தண்ணின்னா இப்பவும் அவளுக்குப் பயம், அக்கா” என்று மட்டும் சொன்னாள். பிறகு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.