கப்பலில் ஏறிய லினக்ஸ்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பாதி நாள் காத்திருப்பதிலேயே போய்விடும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம், மாடியில் இரண்டு மேஜை போட்ட கடை எங்களுடையது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற வேலை மூர்த்திக்கு, சாஃப்ட்வேர் எனக்கு. கொஞ்ச காலமாக எங்களைத் தேடி அதிகம் வருவது ஒரே வேலைதான். விண்டோஸ் அப்படியே இருக்கணும், லினக்ஸும் வேணும். காலேஜில் கேட்கிறார்கள், இன்டர்வியூவில் கேட்கிறார்கள். அதற்காக விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் என்று ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் லினக்ஸ் போட்டுக் கொடுப்போம். வருகிற லேப்டாப்கள் பெரும்பாலும் நோஞ்சான்கள். ஆகவே அலங்காரம் எதுவும் இல்லாத, எடை குறைந்த டெஸ்க்டாப்பாகப் பார்த்துப் போடுவோம்.

என் வீட்டுக்காரர் அமலன் சரக்குக் கப்பலில், இஞ்சின் ரூமில் வேலை செய்கிறார். கீழே சொல்கிற கதைகளில் பாதிக்கு மேல் அவர் ஊரில் இல்லாததால் வந்த கதைகள்தான்.

அவசரமில்ல கண்ணு

செல்வம் அண்ணன் ஹார்பரிலிருந்து கன்டெய்னர் இழுக்கிற டிரெய்லர் டிரைவர். மகளுக்குக் கோயம்புத்தூரில் காலேஜ் கிடைத்திருந்தது. ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் லினக்ஸ் போட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். லேப்டாப்பை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று கேட்டார். வீட்டுக்குள்ளே இன்னொரு வீடு கட்டுகிற மாதிரி என்று சொன்னேன். ரொம்ப யோசித்துவிட்டு, "அப்போ உள் வூட்டுக்குத் தனியா கரண்ட் மீட்டர் கீதா?" என்றார். இல்லை அண்ணா, ஒரே மீட்டர்தான், அதனால்தான் உள்ளே ஆடம்பரம் எதுவும் வைக்காமல் கட்டுகிறேன் என்றேன்.

லினக்ஸ் பாதி ஏறிக்கொண்டிருந்தபோது மகளே போன் பண்ணினாள். "இன்னும் ஆகலியாப்பா?" என்ற குரல் எனக்கும் கேட்டது. நான் கையைக் காட்டி, இன்னும் கொஞ்ச நேரம்தான், சாயங்காலமே எடுத்துப் போகலாம் என்றேன். அவர் போனைப் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"அவசரமில்ல கண்ணு, நாளைக்கே குடு. பொட்டி இங்க கீற வரைக்கும் பாப்பாவும் இங்கதானே இருக்கும்."

ஒன்றரை மணி நேரம் பின்னால்

கஸ்தூரி அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறவர். மகன் தினேஷ் துபாயில் ஏதோ கிடங்கில் வேலை பார்க்கிறான். அவன் விட்டுப்போன லேப்டாப்பில்தான் அக்கா அவனோடு வீடியோவில் பேசுவார். போன் ஸ்க்ரீனில் முகம் சின்னதாக இருக்கிறதாம். அந்த லேப்டாப் இப்போது நத்தையாக நகர்கிறது என்று கூடைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் டிஸ்க்கில் மூச்சு விட இடமில்லை. பெரும் பகுதியை ஒரே ஒரு ஃபைல் அடைத்துக்கொண்டிருந்தது. தினேஷ் படிக்கிற காலத்தில் போட்டு வைத்த விர்ச்சுவல் மெஷின். இதை அழித்தால் சரியாகிவிடும் அக்கா என்றேன். "அதுல இன்னா கீதுன்னு ஒரு தபா காட்டிட்டு அழி" என்றார்.

ஓட விட்டேன். பாஸ்வேர்ட் கூடக் கேட்காமல் நேராக அவனுடைய டெஸ்க்டாப் வந்துவிட்டது. பின்னணியில் அவனே எடுத்த படம், காசிமேடு மீன்பிடித் துறையில் படகுகள். பக்கத்தில் அவன் தோஸ்துங்க பேரில் ரெண்டு மூணு ஃபோல்டர். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூலையில் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? பேசிக்கொண்டே நேரத்தை நம் ஊருக்கு மாற்றினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் ஐஸின் குளிர்ச்சி இன்னும் போகவில்லை.

மாற்றினதைத் திரும்ப மாற்றினேன். ஃபைலை விட்டுவிட்டு, அவன் சேர்த்து வைத்திருந்த சினிமாப் படங்களை அழித்து இடம் பண்ணிக் கொடுத்தேன். மணிக்கட்டைப் பிடித்தபோது அவர் சொன்னது இதுதான்:

"அதுல கை வெக்காத. அது கெட்டுப் போன கடியாரம் இல்ல, எங்க புள்ள ஊரு டைமு. கிளம்பறதுக்கு மின்னாடியே மாத்தி வெச்சிட்டுப் போய்க்கிறான் பாரு."

ஒரு சுவிட்ச்

அமலனுக்குக் கப்பல் வேலை அலுத்துவிட்டது. லினக்ஸ் படித்துக்கொண்டால் கரையில் ஏதாவது கம்பெனியில் சர்வர் பார்க்கிற வேலைக்கு முயற்சி பண்ணலாம் என்பது அவர் எண்ணம். என்னுடைய எண்ணமும் அதுதான், ஆனால் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவர் மேல் ஒரு மூட்டையை ஏற்றின மாதிரி ஆகிவிடும். கொடுமை என்னவென்றால், இந்த யோசனை அவருக்குக் கப்பல் கிளம்பிய பிறகுதான் வந்தது. விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர் கப்பலில் ஒரு இஞ்சினியரின் பென் டிரைவில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டார். ஓட விட்டால் எர்ரர்.

நமக்கெல்லாம் பார்த்ததும் தெரிகிற எர்ரர்தான். லேப்டாப் ஆன் ஆகும்போதே பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங்குக்குள் போய் விர்ச்சுவலைசேஷன் என்கிற ஒன்றை ஆன் பண்ணணும், அவ்வளவே. கடைக்கு வந்திருந்தால் டீ ஆறுவதற்குள் முடித்திருப்பேன். கப்பலில் நெட் பேருக்குத்தான் இருக்கும். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜ் அவருக்கு ஒரு நாள் கழித்துப் போகும். எந்தப் பட்டன் அழுத்தணும் என்று கேட்டு அவர் பதில் வர இன்னும் ஒரு நாள். அவர் சொல்கிற மெனு நான் நினைத்த மெனு இல்லை என்று தெரிய மறுபடியும் ஒரு நாள். கடைசியில் ஒரு மத்தியானம், "ஆன் ஆயிடுச்சு" என்று ரெண்டே வார்த்தை வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். மதர்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்த மூர்த்தி நிமிர்ந்தான்.

"இன்னாக்கா, ஒரு சுவிட்சு போடறதுக்குள்ள அண்ணன் ஆப்பிரிக்காவே தாண்டிட்டாரு போலகீதே!"

ரெட்டை

அடுத்த பேஜாரு, லினக்ஸ் ஃபைல். எடை குறைந்தது என்று நாம் பீற்றிக்கொண்டாலும், கப்பல் நெட்டுக்கு அது யானை. நல்ல சிக்னல் கிடைக்கிற துறைமுகம் வரும்வரை இறக்க வழியில்லை. அதுவரை சும்மா இருப்பானேன் என்று, கடை கம்ப்யூட்டரில் அவர் லேப்டாப் மாதிரியே ஒன்றை உண்டாக்கினேன். அவரிடம் எவ்வளவு மெமரியோ அவ்வளவுதான் கொடுத்தேன். டெஸ்க்டாப்பும் அவர் போடப்போகிற அதே டெஸ்க்டாப். நாளைக்கு அவர் ஒரு இடத்தில் முட்டி நின்றால் எங்கே எந்த மெனு என்று பார்க்காமலே சொல்லலாம் என்பது மூர்த்திக்கு நான் சொன்ன காரணம்.

ஒவ்வொரு ஸ்க்ரீனையும் படம் பிடித்து அனுப்பினேன். அவர் சாப்பாட்டு இடைவேளையில் அதையெல்லாம் பார்த்து மனப்பாடம் பண்ணிவிட்டார். மெனு இடது மூலை, டெர்மினல் அதற்கு மேலே என்று ஒப்பிப்பார். வேலை இல்லாத நேரத்தில் நான் அந்தக் காலி டெஸ்க்டாப்பைச் சும்மா திறந்து வைத்துக்கொண்டிருப்பேன். அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதையும் ஒரு நாள் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வர ரெண்டு நாள் ஆயிற்று.

"எல்லாம் சரி ஜெனி, ஸ்க்ரீனு கண்ணாடியில நீ தெரியற பாரு, அந்த மாரியே இனிமே எடுத்து அனுப்பு."

புகைபோக்கிக்கு இந்தாண்ட

அவர் கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு எண்ணூருக்கே வருகிறது என்று தெரிந்த வாரம் நான் எந்த லேப்டாப்பையும் உருப்படியாகச் சரிசெய்யவில்லை. வந்தது. ஆனால் உள்ளே இடம் காலியாகும்வரை வெளியே கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. அமலன் மேல் டெக்குக்கு ஏறினால் போனில் சிக்னல் கிடைத்தது. நான் கடையை மூர்த்தியிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து எண்ணூர் ரோட்டில் அலைக்குப் போட்டிருக்கிற கல் மேல் போய் உட்கார்ந்தேன். எதிரே வரிசையாகக் கப்பல்கள். மத்தியான வெயிலில் எல்லாம் ஒரே கறுப்பு. எது உன்னுடையது என்று கேட்டேன். நீலம் அடித்தது என்றார். நான் துப்பட்டாவை ஆட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. "பவர் ஹவுஸ் புகைபோக்கி தெர்து. அதுக்கு இந்தாண்ட நீ கீறனு வெச்சிக்கிறேன்" என்றார்.

அந்தச் சிக்னலில் லினக்ஸ் இறங்கிவிட்டது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு டெக்கிலேயே இன்ஸ்டால் பண்ண ஆரம்பித்தார். ஒரு இடத்தில் நின்றுவிட்டார். "டிஸ்க்க ஃபுல்லா அழிச்சிடுவேன்றான் ஜெனி. கல்யாண போட்டோலாம் இதுலதான் கீது." எல்லோரும் பயப்படுகிற இடம் அது. அது உள்ளே இருக்கிற பொய் டிஸ்க்தான்பா, வெளியே ஒன்றும் ஆகாது, தைரியமா ஓகே குடு என்றேன். வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்கிற அதே வாக்கியம். குடுத்தார். ரெண்டு பேரும் போனை வைக்காமல் காத்திருந்தோம். அவர் பக்கம் காற்றுச் சத்தம், என் பக்கம் அலைச் சத்தம்.

முடியப் போகிற நேரத்தில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எண்ணூரில் இடம் கிடைக்க நாளாகுமாம், சரக்கை விசாகப்பட்டினத்தில் இறக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. இஞ்சின் ரூமுக்கு எல்லோரும் இறங்கணும். நான் எழுந்து நின்று வரிசையைப் பார்த்தேன். எது நகர்கிறதோ அதுதான் அவருடையது. அவர் போனை வைப்பதற்கு முன்னால் லேப்டாப்பை ஒரு முறை பார்த்திருக்க வேண்டும்.

"லினக்ஸ் வந்திச்சு ஜெனி, நான்தான் வரல."

இப்போது அவர் ஏதோ ஒரு கடலில் லினக்ஸ் படித்துக்கொண்டிருக்கிறார், நானோ எண்ணூர் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வீட்டுக்கே போய்ச் செய்து தருகிறேன், கடலோரமாகப் போய்வர ஒரு சாக்கு வேண்டுமே.