அம்மாவுக்கு வாங்கிய கண்ணாடி

யார் கேட்டாலும் அம்மாவுக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அலங்காநல்லூரில் பஸ் ஏறும்போதே அப்பா இதைச் சொல்லி, மதுரை போய்ச் சேருவதற்குள் என்னைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கவும் வைத்தார். என் அம்மாவுக்கோ விளக்கு வெளிச்சத்திலேயே என் தலையில் ஈர் தெரியும்.

அப்பா தனியார் பஸ் டிரைவர். தூரத்தில் மாடு குறுக்கே வந்தால் முதலில் பார்ப்பவர் அவர்தான். கைக்கெட்டிய எழுத்துதான் கலங்கலாகிவிட்டது. டிரிப் நேரம் எழுதிய அட்டையைப் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம் கொடுத்து, சும்மா கேட்பதுபோல் படிக்கச் சொல்வார். கிட்டப் பார்வை வேறு, தூரப் பார்வை வேறு என்பதெல்லாம் முதலாளிக்குக் கிடையாது. கண்ணாடி போட்டவன் ஓட்டினால் சனம் ஏறாது என்பது அவர் கட்சி. அதற்கு முன் ஒரு டிரைவரை அப்படித்தான் ஷெட்டில் பஸ் கழுவ விட்டிருந்தார்.

மேல மாசி வீதி நடைபாதையில் சாக்கு விரித்துக் கண்ணாடிகளைக் குவித்திருந்தார்கள். படித்தவர்களுக்குக் கிழிந்த பேப்பர், மற்றவர்களுக்கு ஊசியும் நூலும். அதுதான் அந்தக் கடையின் கண் பரிசோதனை. அப்பா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்ற பொய்க்குப் பொருத்தமாக ஊசியை எடுத்தார். ஒரு கண்ணாடியில் ஊசி இரண்டாகத் தெரிந்தது. இன்னொன்றில் ஊசிக் காதையே காணோம். அடுத்ததை மாட்டிக்கொண்டு நூலை எச்சில் தொட்டபோது பின்னால் குரல் கேட்டது.

"என்னண்ணே, யாருக்கு?"

எங்கள் முதலாளியின் செக்கர். டிக்கெட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, முகத்தைச் சுளித்து அவர் பார்த்தால், ஒழுங்காக டிக்கெட் எடுத்தவனே எழுந்து நின்றுவிடுவான். அப்பா கண்ணாடியைப் பிடுங்கிய வேகத்தில் காதோரம் கீறிவிட்டது. என் கையை நசுக்கினார்.

"அம்மாவுக்கு" என்று நான் பள்ளிக்கூடப் பாட்டு மாதிரிக் கத்திவிட்டேன்.

செக்கர் சிரிக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்தார். குவியலைக் கிளறாமலே ஓரத்திலிருந்த கறுப்புச் சட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, ஊசியைக் கேட்டார். ஒரே குத்தில் நூல் ஏறிவிட்டது.

"மதினிக்கு இதுதாண்ணே தோதா இருக்கும். வீட்டோட வச்சுக்கச் சொல்லுங்க. மறந்தும் பஸ்ஸுக்கு வந்துராம பாத்துக்கங்க."

அவர் தலை மறையும்வரை அப்பா எழுந்திருக்கவில்லை. அந்தக் கண்ணாடியைத்தான் வாங்கினார். ஷெட்டுக்கு எப்போது கூப்பிடுவார்களோ என்று அதன்பின் சரியாகச் சாப்பிடவுமில்லை. யாரும் கூப்பிடவில்லை. ஒரே வார்த்தையில் செக்கரை ஏமாற்றிவிட்டதாக நான்தான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பிறகு ஒருநாள் நானும் அம்மாவும் போன அப்பாவின் பஸ்ஸிலேயே செக்கர் ஏறினார். முன்சீட்டுக்காரரின் டிக்கெட்டை வாங்கித் தள்ளிப் பிடித்து, வழக்கம்போல் முகத்தைச் சுளித்தார். என் பொய் தெரிந்துபோய்தான் இவ்வளவு கோபம் என்று பயந்து, நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன். அட்டையைப் பார்க்கும்போது அப்பாவும் அப்படியேதான் முகத்தைச் சுளிப்பார் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.